முடிவைச் சொல்லிவிட்ட பார்லர் அக்கா

பார்லர் அக்காவுக்குக் கத்தரிக்கோலும் நாக்கும் ஒரே வேகம். பேங்க் மேனேஜரம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டே, ஊரே பார்க்கும் தொடரில் டாக்டர் செத்துப்போவதை உளறிவிட்டாள். கண்ணாடியில் மேனேஜரம்மாவின் முகம் மாறியது. “நான் இன்னும் மூணாவது எபிசோடுதான் பார்க்கறேன்.”

மாதம் தவறாமல் வருகிறவர் இன்றோடு கைநழுவிப் போனார் என்று நினைத்து அக்கா கத்தரிக்கோலை நிறுத்தினாள். “மன்னிச்சுக்குங்க மேடம், இந்த வாயை வெச்சுக்கிட்டு...”

“அட, நல்லதாப் போச்சு. யாரு சாவாங்கன்னு தெரியாம படபடன்னு வந்து, மூணாவதோட பார்க்கறதையே நிறுத்தி வெச்சிட்டேன். அந்த டாக்டரோட அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலியே?”

“அந்தம்மா கல்லு மாதிரி இருக்காங்க.”

“அப்பாடா,” என்று மேனேஜரம்மா நாற்காலியில் சாய்ந்தார். அக்காவுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. மிச்சக் கதையைச் சொல்லும் உற்சாகத்தில் காதோரம் கொஞ்சம் தாராளமாகவே வெட்டினாள், மேனேஜரம்மா கவனிக்கவில்லை.