ஆறு வார முறை

ஜெர்வின் இறந்து மூன்று வாரம் கழித்து அவனுடைய பெற்றோர் குளச்சல் பக்கத்திலிருந்து வந்தார்கள். அப்பா ஜேசுராஜ் சான்றிதழ்களை வாங்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்விட்டார். அம்பத்தூரில் நானும் ஜெர்வினும் தங்கியிருந்த அறையில் அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார் அம்மா ஜெயசீலி. அவனுடைய பையின் பக்க உறைக்குள் கைவிட்டவர் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே காய்ந்து சுருங்கிய நான்கு எலுமிச்சம்பழங்கள். எல்லாவற்றிலும் குங்குமம்.

"கூடோத்திரம்" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெரியாது. ஆனால் செய்வினையைத்தான் சொல்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

"யாரு மக்களே வச்சது? ஒனக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். அவற்றை வைத்தவன் ஜெர்வின்தான். மாங்காடு காமாட்சி அம்மன் கோவிலில் ஒரு வேண்டுதல் உண்டு. ஒரே கிழமையாகப் பார்த்துத் தொடர்ந்து ஆறு வாரம் போக வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோனால் அம்மனிடம் வைத்து ஒன்றைத் திருப்பித் தருவார்கள். அந்தப் பழம் வீட்டில் இருக்க வேண்டும். மாதா படத்தைப் பர்ஸில் வைத்திருந்தவன் நான்கு வெள்ளிக்கிழமை அப்படிப் போய் வந்தான். ஐந்தாவது வெள்ளி, மாங்காட்டுச் சாலையைக் கடக்கும்போது தண்ணீர் லாரி மோதியது.

அவன் வேண்டிக்கொண்டது இந்த அம்மாவுக்காக. மார்பில் கட்டி எடுத்து, சிகிச்சை முடிந்து, கடைசி ஸ்கேன் முடிவுக்காக அவர் காத்திருந்தார். இதை எப்படிச் சொல்வது? உங்களுக்காகப் போன வழியில்தான் உங்கள் மகன் செத்தான் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

"தெரியலம்மா" என்றேன்.

"அப்போ அவன் ஆசையா போற எடமெல்லாம் காட்டு. அதுல ஒருத்தன்தான் செஞ்சிருப்பான்."

முதலில் பாடி மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனேன். வகுப்பு இல்லாத மதியங்களில் ஜெர்வின் இங்கேதான் நிற்பான். நேராக வலப்பக்கம் திரும்பினால் எதிர்வரும் வண்டிகளை மறிக்க வேண்டியிருக்கும் அல்லவா? இங்கே அது வேண்டாம். பாலத்தைத் தாண்டிப்போய், இடப்பக்கமாக ஒரு வளையம் சுற்றி இறங்கினால், போக வேண்டிய சாலையிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். கையால் காற்றில் வரைந்து இதையெல்லாம் விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்வரை அவர் வேறெதையும் கேட்க முடியாது.

"இதப் பாக்கவா வந்தான்?"

"ஆமாம்மா. யாரும் யாருக்காகவும் நிக்காம போறாங்க பாருடான்னு சொல்வான்."

"வட்டு புடிச்ச பய" என்றார், கிறுக்குப் பயலே என்று கொஞ்சுவது போல. சிரிப்பு போல ஒன்று வந்து பாதியில் நின்றது. தூண்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "இங்க பேசிப் பழக ஆளே இல்லியே. வேற எங்க?"

வேறு இடம் என்றால் குமணன்சாவடிதான், மாங்காட்டுக்குப் போக அவன் ஆட்டோ மாறும் இடம். அங்கே போகாமலிருக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

பேருந்தை விட்டு இறங்கியதும் தலைக்கு மேலே மெட்ரோ பாலம். தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் கறுப்பாகத் தெரியும் திண்டுகளைக் காட்டினேன். வெயிலில் பாலம் கொஞ்சம் நீளும், குளிரில் சுருங்கும். அந்தத் திண்டு அசைந்துகொடுக்காவிட்டால் கான்கிரீட் வெடித்துவிடும். ஜெர்வினுக்கு அவற்றின் மேல் அவ்வளவு பிரியம். அவர் மேலே பார்க்கவில்லை. எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் துலுக்கானம் என்னைக் கண்டதும் குரல் கொடுத்தார். "இன்னா நைனா, தனியா வந்துகீறே? உன் ஜோடி எங்க? ஆளயே காணோம். சொல்லாம கொள்ளாம ஊருக்குப் பூட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயசீலி கடைமேடையை நெருங்கிவிட்டார். லெமன் டீக்காக அங்கே ஒரு தட்டு நிறைய எலுமிச்சம்பழம் இருந்தது.

"ஜெர்வினுக்கு எலுமிச்சம்பழம் குடுத்தது நீயா?"

"ஆமாமா, நான்தான் குடுப்பேன்" என்றார் துலுக்கானம் பெருமையாக. "வெள்ளிக்கெழமையானா வந்து நிப்பான். நல்லதா ரெண்டு பொறுக்கிக் குடு அண்ணாத்தேம்பான்."

அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார் ஜெயசீலி. "எனக்க பிள்ளயக் கொன்னுட்டியே பாவி! அவன் ஒனக்கு என்ன செஞ்சான்?"

"இன்னாமா இது பேஜாரு! கைய எடுமா! தம்பி, யாரு இவுங்க?"

"ஜெர்வினோட அம்மா" என்றேன். "ஜெர்வின் செத்துட்டான் அண்ணே."

துலுக்கானம் அப்படியே நின்றார். சட்டையைப் பிடித்திருந்த கைகளை விலக்கக்கூட இல்லை. "அந்தத் தண்ணி லாரில... நம்ம புள்ளயா?"

இனி மறைக்க முடியாது. மாங்காடு, வெள்ளிக்கிழமை, இரண்டு பழம், திரும்பி வரும் ஒரு பழம், ஸ்கேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. ஜெயசீலியின் கைகள் சட்டையிலிருந்து தளர்ந்தன. பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா போனான்?"

"ஆமாம்மா."

"ஸ்கேன் நல்லா வந்துட்டு மக்களே." ஏதோ அடுத்தவர் சங்கதியைச் சொல்வது போலச் சொன்னார். "அந்த வெள்ளிக்கெழமைக்கு முந்தின வாரமே வந்துட்டு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. அவன் போன்ல கேட்டான். இன்னும் வரல்லன்னு சொன்னேன். கிறிஸ்துமஸுக்குக் குடில் கெட்ட வருவான்லா, அப்போ நேர்ல சொல்லி அவன் மொகத்தப் பாக்கணும்னு..."

மாங்காடு, மாங்காடு என்று ஷேர் ஆட்டோக்காரர் கூவிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா அண்ணைக்குப் போயிருக்க மாட்டான், இல்லியா?"

எதைக் கேட்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று சொல்லிப் பழகியவன் நான். இதற்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"இல்லம்மா" என்றேன். "போயிருப்பான். கேட்டது கெடச்சிட்டாலும் ஆறு வாரத்தையும் முடிச்சே ஆகணும். பாதியில விடக்கூடாது. அதுதான் முறை. நீங்க சொல்லியிருந்தாலும் அன்னிக்கு நன்றி சொல்லப் போயிருப்பான்."

அப்படி ஒரு முறை உண்டா என்று எனக்குத் தெரியாது. ஜெயசீலி என் முகத்தையே பார்த்தார். பிறகு துலுக்கானத்தின் பக்கம் திரும்பினார். கசங்கிய சட்டையோடு நின்ற அவர் என்னை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி சொல்றது கரீட்டுமா" என்றார். "பாதில வுட மாட்டாங்க. யாரும் வுட மாட்டாங்க."

ஜெயசீலி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா சொல்லு மக்களே. மொதல்ல இருந்து, மெதுவா."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வாரத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.