அக்கா வரைந்த அட்டை

குமாரவேல் மெட்ராஸில் ஒரு விமானக் கழகத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அங்கேயே பறக்கவும் கற்றுக்கொண்டவன். 1969-இல் கழகம் கண்காட்சிகளுக்கென்று சம்பளத்துக்கு ஒரு சாகச விமானி தேடியது. முப்பத்தைந்து வயது ஆனவர்களை எடுக்க மாட்டார்கள். அவனுக்கு முப்பத்து நான்கு முடியப் போகிறது. இதை விட்டால் ஆயுசுக்கும் ஸ்பானர்தான்.

தேர்வுக்கு வருகிறவர் ஐந்து சாகசங்களை வரிசையாக அட்டையில் வரைந்து, நடுவரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். குமாரவேல் வரைந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனான். அக்கா ஏலவார்குழலி பட்டுப்புடவைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் வரைகிறவள். அவன் கிறுக்கிக் கொண்டுபோன தாளில் ஒரு சுருளைத் தொட்டுக் கேட்டாள்.

"இது இன்னாடா, ஜாங்கிரியா?"

"ஸ்பின்க்கா. சுத்திக்கினே கீழ விழணும். உயரம் நிறைய வேணும், அதனால இதுதான் முதல்ல."

"விழுறதுக்கா சம்பளம் தராங்க?"

"எழுந்துக்கிறதுக்கு."

அவள் இரண்டு அட்டைகள் அச்சுப் போல வரைந்து கொடுத்தாள்.

தேர்வன்று நாலாயிரம் அடி ஏறி, ஐந்தையும் பிசகில்லாமல் செய்து இறங்கினான். நடுவர் தேவசகாயம், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், அட்டையை நீட்டினார்.

"எல்லாம் சுத்தம். வரிசைதான் தலைகீழ். கடைசியில இருக்கிறதை முதல்ல செஞ்சிருக்க."

குமாரவேல் அட்டையைப் பார்த்தான். ஸ்பின் அடியில் இருந்தது. தறியில் துணி கீழிருந்துதான் வளரும். டிசைன் தாளையும் அடிவரியிலிருந்துதான் படிப்பார்கள். வரைந்த அக்காவுக்கும் சந்தேகம் வரவில்லை, தறிச் சத்தத்தில் வளர்ந்த அவனுக்கும் வரவில்லை.

"இது புடவை டிசைன் போடுற எங்க அக்கா வரைஞ்சது. எங்க ஊர்ல கீழேர்ந்து படிப்போம் சார்."

"இங்க மேலேர்ந்துதான்பா. வேணும்னா இன்னொரு தடவை ஏறு. அட்டையில இருக்கிறபடி செய்."

கூடப் போட்டியிட்ட பரசுராமன் சிரித்தான். "புடவையக் கட்டிக்கினே ஏறுப்பா, மறக்காது."

மற்ற நாலையும் முடிக்கும்போது உயரம் ஆயிரம் அடிக்கு வந்துவிடும். அங்கே ஸ்பின் போட்டால் மீள இடமிருக்காது.

"ஸ்பின்னுக்கு முன்னால மறுபடி மேல ஏறிக்கலாமா சார்?"

"ஏறலாம். தொடர்ச்சி விட்டுப்போனா பத்து மார்க் போயிடும்."

"போவட்டும் சார்."

நாலு சாகசம் முடிந்ததும் நிறுத்தினான். வட்டமடித்து வட்டமடித்து மேலே ஏறினான். கீழே நின்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நாலாயிரத்தில் இஞ்சின் வேகத்தைக் குறைத்து விமானத்தை விழவிட்டான். சரியாக மூன்று சுற்று. ஓடுபாதைக்கு நேராக மூக்கை நிமிர்த்தினான்.

பத்து போக, பரசுராமனைவிட இரண்டு மார்க் கூடுதல். பரசுராமனே வந்து கை கொடுத்தான். "புடவை ஜெயிச்சிடுச்சுப்பா."

விஷயத்தைக் கேட்ட அக்கா தன்மேல் தப்பென்று ஒப்புக்கொள்ளவே இல்லை. "அந்த சாரை ஒரு நாள் இங்க கூட்டிக்கினு வாடா. கீழேர்ந்து எப்படிப் படிக்கிறதுன்னு காட்டுறேன்."

அதற்குப் பிறகு அவன் ஒன்பது வருஷம் சாகச விமானியாக இருந்தான். எல்லா அட்டைகளையும் அவள்தான் வரைந்தாள், கீழிருந்து மேலாகவே. ஒவ்வொரு சாகசத்துக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்று, இரண்டு என்று எண் போட மட்டும் சம்மதித்தாள்.