முந்நூற்று எட்டில் ஒரு விளக்கு

கஜந்தினி சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ஏறி நின்று, கூரையில் இருந்த புகை அலாரத்துக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது தலை நனையாமல் போடுவதற்கு ஹோட்டல்காரர்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் தொப்பி அது. இரண்டு தரம் நழுவி விழுந்தது. மூன்றாம் தரம் இலாஸ்டிக் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து, கட்டிலின் தலைமாட்டில் வைத்திருந்த சின்னப் பித்தளை விளக்குக்கு எண்ணெய் விட்டுத் திரியைப் பற்றவைத்தாள். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள். அலாரம் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கட்டிலில்தான் அன்று காலை ஆறரை மணிக்கு அவளுடைய அம்மா செல்வநாயகி இறந்து கிடந்தாள். இதயம் பலவீனம் என்று சில வருடமாக மருந்து எடுத்து வந்தவள். ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது, குடும்ப டாக்டர் இயற்கை மரணம் என்று கையெழுத்துப் போட்டார். பத்து மணிக்குள் பின்பக்கச் சாமான் லிஃப்ட் வழியாக உடலை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். கஜந்தினி வீட்டுக்கு வந்து சாமியறையில் விளக்கேற்றினாள். நகரின் இன்னொரு மூலையில், ஒடாஹுஹுவில் இருக்கும் கல்யாணிச் சித்தி, அம்மாவின் தங்கை, போனில் அழுது முடித்த பிறகு முதல் வேலையாக விளக்கை எங்கே வைத்தாய் என்று கேட்டாள்.

"உயிர் போன இடத்திலை எல்லோ பிள்ளை வைக்கிறது. அவ அங்கை நிண்டு தேடப் போறா. எட்டு முடியுமட்டும் விளக்கும் தண்ணியும் அங்கை இருக்கவேணும்."

கஜந்தினி மருந்தகத்தில் வேலை செய்கிறவள். வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்திருப்பாள். அன்று சிரிப்பு வரவில்லை. சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் தமிழ்க் கடையில் நல்லெண்ணெயும் திரியும் வாங்கிக்கொண்டு திரும்ப ஹோட்டலுக்கே ஓடி வந்தாள். சித்தி சொன்னதற்காக மட்டும் அல்ல, முந்திய இரவு தன் வாயால் சொன்ன ஒரு சொல்லுக்காகவும்தான்.

எழுபதாவது பிறந்தநாள் என்று அம்மாவை இங்கே அழைத்து வந்தவள் அவள். அந்தக் காலத்து வெளிநாட்டு நடிகர்கள் கப்பலில் வந்திறங்கித் தங்கிப்போன ஹோட்டல். தாழ்வாரம் முழுக்க அவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். சிகரெட் பிடித்த ஆண்கள், தோளில் நரித்தோல் போட்ட பெண்கள், எல்லோருக்கும் தலை கொஞ்சம் சரிந்திருக்கும், யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள். அறைக்குள் கால் வைத்த குளியல் தொட்டி, மூன்று கண்ணாடி வைத்த ஒப்பனை மேசை, எண்ணைச் சுழற்றுகிற கறுப்பு டெலிபோன். அம்மா பென்ரோஸ் சலவைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்று தேய்த்தவை இந்த ஹோட்டலின் விரிப்புகள்தான். ஓரத்தில் நீல நூல் ஓடும். நீலக்கரை என்று வீட்டில் வந்து சொல்வாள். அவள் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்கு அதில் ஒருநாள் படுத்துப் பார்க்க ஆசை என்று கஜந்தினி தானாகவே முடிவுகட்டிவிட்டாள். அம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அறைக்குள் வந்ததும் அம்மா விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்காராமல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாராவது செத்துப்போன விரிப்பு மஞ்சள் பையில் தனியாக வரும், பையில் அறை எண் எழுதியிருக்கும் என்று அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னாள். தன் கைக்கு முந்நூற்று எட்டு இரண்டு தரம் வந்ததாம். அவர்கள் இருந்ததும் முந்நூற்று எட்டுதான்.

"பிள்ளை, எனக்கு இஞ்சை படுக்கேலாது. வீட்டை போவம்."

"விசர்க்கதை கதையாமல் படுங்கோம்மா. ஒரு நாள்தானே."

செல்லமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சோபாவில் படுத்து அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினாள். அம்மாவோடு கடைசியாகப் பேசியது அதுதான். அதை நினைக்கும்போதெல்லாம் கஜந்தினிக்குத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் மஹதி கதவைத் தட்டினாள். ஹோட்டலின் பணிநேர மேலாளர், கோயம்புத்தூர்ப் பெண், வயது முப்பதுக்குள். காலையிலிருந்து போலீசுக்கும் ஆம்புலன்ஸுக்கும் வழிகாட்டியவள் அவள். விளக்கைப் பார்த்தாள், அண்ணாந்து தொப்பியைப் பார்த்தாள். கஜந்தினி பதில்களைத் தயார் செய்துகொண்டு நின்றாள். மஹதி ஒன்றும் கேட்காமல் போய்விட்டு, ஐந்து நிமிடத்தில் ஒரு தீயணைப்பு உருளையைத் தூக்கி வந்து கதவருகே வைத்தாள். அறையைச் சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை தர முடியும் என்றாள். அதற்கு மேல் முடியாது, ஒரு கல்யாண ஜோடி போன வருடமே பதிவு செய்துவிட்டார்கள்.

அம்மா இறந்த செவ்வாயிலிருந்து எட்டாம் நாள் அடுத்த செவ்வாய். சனிக்கும் அதற்கும் நடுவில் மூன்று நாள் துண்டு விழுந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கஜந்தினி அங்கேயே தங்கிவிட்டாள்.

மறுநாள் காலை செம்பில் ஒரு விரல் தண்ணீர் குறைந்திருந்தது. அவளுடைய கணவன் நிமலன் பார்க்க வந்தபோது அதைக் காட்டினாள். நிமலன் பாலங்கள் கட்டுகிற பொறியாளன், எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான். ஏசி என்றான், காற்றின் ஈரம் என்றான், கணக்குப் போட்டும் சொன்னான். அவன் போனதும் அவள் ஏசியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, செம்பை விளிம்பு வரை நிரப்பினாள். வியாழன் காலை இரண்டு விரல் குறைந்திருந்தது. அவளுக்குப் பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது, அம்மாவுக்குத் தாகம் தீர்ந்திருக்கும் என்று. அதை அவள் நிமலனிடம் சொல்லவில்லை.

வியாழன் பகல் முழுக்க இறுதிச் சடங்கு மண்டபத்தில் வேலை இருந்தது. மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தவளை மஹதி வரவேற்பு மேசையில் மறித்து ஓரமாக அழைத்துப் போனாள்.

"அக்கா, மத்தியானம் ரூம்ல யாராவது இருந்தாங்களா?"

யாரும் இல்லை, சாவி என்னிடம் இருக்கிறது என்றாள் கஜந்தினி.

"ரெண்டு தடவ அங்கிருந்து போன் வந்துச்சு. எடுத்தா யாரும் பேசல. ஆனா வைக்கவும் இல்ல."

பழைய வயர், ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நிமலன் குரலிலேயே கஜந்தினி சொன்னாள். மஹதி தலையை ஆட்டினாள், ஆனால் நகரவில்லை. கொஞ்ச நேரம் தன் பெயர் அட்டையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"திங்கக்கெழம ராத்திரியும் அதே மாதிரி வந்துச்சுக்கா. நான்தான் எடுத்தேன். அன்னிக்கு அம்மா பேசினாங்க. நான் வணக்கம் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்ல, அதனால என்னத் தமிழ்னு தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய் விட யாராவது இருக்காங்களான்னு கேட்டாங்க. காலைல போகலாம்மா, தூங்குங்கன்னு சொல்லி வச்சிட்டேன்."

கஜந்தினி சோபாவில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அம்மா இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் விடியட்டும் என்றிருக்கிறார்கள். கஜந்தினிக்கு அந்தப் பெண் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் அது அவள் மேலேயே திரும்பிவிட்டது. மஹதியின் கையைப் பிடித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் பிள்ளை என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை தகனம். ஒரே பிள்ளை என்பதால் கஜந்தினிதான் தகன உலையின் பொத்தானை அழுத்தினாள். வந்தவர்கள் எல்லோரும் அம்மா நல்ல சாவு செத்தாள், பிள்ளை ராணி மாதிரி வைத்திருந்து அனுப்பினாள், அந்த ஹோட்டலில் சாக யாருக்குக் கொடுத்துவைக்கும் என்றார்கள். ஒவ்வொருவரும் ஆறுதலாகத்தான் சொன்னார்கள். அவளுக்கு ஒவ்வொன்றும் கன்னத்தில் அறையாக விழுந்தது.

மாலையில் மஹதியிடம் செவ்வாய் வரை கேட்டுப் பார்த்தாள். வேறு அறை தருவதாக மஹதி சொன்னாள், வேறு அறையை வைத்து என்ன செய்வது? நாளைக்கு மணப்பெண் வந்து படுக்கப்போகிற கட்டில். விளக்கை எடுத்துவிட்டுப் போனால் அம்மா யாரோ இரண்டு பேரின் முதலிரவில் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்பாள். நினைத்ததும் கஜந்தினி கட்டிலில் முகத்தைப் புதைத்து அழுதாள். நிமலன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான்.

"மாமி இஞ்சை இல்லையடி கஜி" என்றான். "நீதான் அவவைப் பிடிச்சு வைச்சிருக்கிறாய்."

அவன் போன பிறகு சித்திக்குப் போன் எடுத்தாள். சித்தி, ஆஸ்பத்திரியில், ரோட்டில் செத்தவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு வருவதுபோலக் கூப்பிட்டு வர வேண்டியதுதான் என்றாள். செம்புத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, உயிர் போன இடத்தில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். பிறகு நடக்கத் தொடங்கினால் வீடு வரும் வரை திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது.

"லிஃப்ற்றிலை போகாதை பிள்ளை. அக்காவுக்கு அது பயம். படியாலை இறங்கு. ஆறுதலா, மெல்ல மெல்ல இறங்கு."

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்குக் கஜந்தினி விளக்கை நிறைத்தாள். நிறைப்பது என்றால் அணைப்பதுதான், சாவு வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலைப் பார்த்து நின்றாள். வெயில் விரிப்பின் மேல் அடித்தது. கூப்பிட வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. பகல் வெளிச்சத்தில், வெறும் கட்டிலைப் பார்த்து, நாற்பத்திரண்டு வயதுக்காரி என்னவென்று கூப்பிடுவது. முதல் தரம் உதடு மட்டும் அசைந்தது. இரண்டாம் தரம் இருமல் மாதிரி வந்தது.

"அம்மா" என்றாள் மூன்றாம் தரம். "வீட்டை போவம். அண்டைக்கு நான் மறிச்சிட்டன். இப்ப வாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு பஸ் மூச்சு விட்டுக்கொண்டு போனது. அவள் திரும்பி வெளியே நடந்தாள். தாழ்வாரத்தில் அந்தப் படங்களுக்கு நடுவே நடக்கும்போது, எல்லோரும் தனக்குப் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. இத்தனை நாளும் அப்படித்தான் பார்த்தார்கள், இன்றைக்குத்தான் தனக்கு உறைக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று நின்று இறங்கினாள்.

கீழே கூடம் நிறைந்திருந்தது. கல்யாண வீட்டார் பழைய சினிமாக் காலத்து உடுப்பில்தான் வரவேண்டும் என்று அழைப்பில் போட்டிருந்தார்களாம். இறகுத் தொப்பி, முத்துமாலை, வெள்ளைக் கோட்டு, முழங்கை வரைக்கும் கையுறை. மேலே படத்தில் இருந்தவர்கள் அவளுக்கு முன்பே வேறு வழியாக இறங்கி வந்து நிற்கிற மாதிரி இருந்தது. செம்போடு வருகிறவளைக் கண்டு பேச்சு ஓய்ந்தது. விலகி வழிவிட்டார்கள். அவள் நடந்தாள். தான் கடந்து போனதும் பின்னால் பேச்சுத் தொடங்கிவிடும் என்று நினைத்தாள். தொடங்கவில்லை. அவள் பத்தடி தாண்டிய பிறகும் அமைதியாகவே இருந்தது. நரித்தோல் போட்ட ஒரு கிழவி கஜந்தினியைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தாழ எதையோ பார்த்து, தன் நீளப் பாவாடையைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். அதன் பிறகுதான் கூடத்தில் இரைச்சல் திரும்பி வந்தது.

கஜந்தினி திரும்பவில்லை. மேசைக்குப் பின்னால் நின்ற மஹதி கும்பிட்டாள், பதிலுக்கு ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை.

வாசலில் நிமலன் காரோடு நின்றான். பன்னிரண்டுக்கு வா என்றுதான் அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். கூப்பிடுகிற கதையைச் சொல்லவில்லை, சொன்னால் வழியெல்லாம் விரிவுரை கேட்க வேண்டி வரும். முன்சீட்டில் ஏறிச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். நிமலன் காரை எடுக்கவில்லை. ஹோட்டல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை அங்கிருந்து மெல்ல மெல்லக் காருக்கு வந்தது.

பிறகு இறங்கி, காரைச் சுற்றி வந்து, அவளுக்குப் பின்னால் இருந்த கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் டாக்சி ஒன்று காத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான். ஒரு காலை உள்ளே வைத்து, சீட்டைப் பிடித்து, மற்றக் காலை இழுத்து ஏறி ஒருவர் உட்காருகிற நேரம் போனது.

"சீலைத் தலைப்பு, மாமி" என்றான்.

குனிந்து, எதையோ எடுத்து உள்ளே விட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினான்.