சிரட்டை வைத்த சந்து

லைபீரியாவிலிருந்து மார்த்தா ஞானதாசனை வீடியோவில் அழைத்தாள். மூன்றாவது முறையாக அவளுடைய ரப்பர் ஷீட்டெல்லாம் பூசணம் பிடித்துவிட்டதாம். அவளை ஞானதாசனிடம் தொழில் படிக்க அனுப்பிய அந்நாட்டு விவசாயிகள் சங்கம் இன்று கூடியிருக்கிறது. படிக்கப் போனவள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று அவளைச் சங்கத்திலிருந்து நீக்கப்போகிறார்கள்.

அருமனையில் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டு ஒன்றைச் செய்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கியவர் ஞானதாசன். நான்கு நாளில் காய வேண்டிய ஷீட் அதில் இரண்டே நாளில் காயும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் மருந்தையும் விதையையும் பூட்டிவைத்து ஏழை நாடுகளின் வயிற்றில் அடிக்கிறான் என்று சாயாக்கடை பெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுகிற மனிதரும் அவரேதான்.

மார்த்தா வந்தது சித்திரையில். தெரிந்த நுணுக்கம் அத்தனையும் கற்றுத்தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அவர் வீட்டுக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டு, பத்து நாளில் ஆணி முதற்கொண்டு அளவெடுத்துக் குறித்துக்கொண்டாள் அவள்.

ஒன்றை மட்டும் அவர் காட்டவில்லை. ஈர ஷீட்டைத் தொங்கவிட்டதும் கூண்டின் மேல்மூடிக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். அந்தச் சந்து வழியாக ஈரம் வெளியேறிய பிறகுதான் மூடியை இறக்க வேண்டும். இல்லையென்றால் பூசணம்தான். காப்புரிமை மனுவிலும் அதை எழுதவில்லை, வக்கீலிடமும் மூச்சுவிடவில்லை. மார்த்தா இருந்த நாளெல்லாம் விடியுமுன் எழுந்து ஷீட்டைத் தொங்கவிட்டு முட்டுக்கொடுத்து, அவள் குளித்துச் சாப்பிட்டு வருவதற்குள் மூடியை இறக்கி, சிரட்டையை அடுப்பில் போட்டுவிடுவார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மைத் தேடி யார் வருவார்கள் என்ற அற்ப எண்ணம்.

பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் மகள் அபிதா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஒரு கொட்டகை, முப்பது முகங்கள். முன்னால் மார்த்தா தலைகுனிந்து நின்றாள்.

"அவியெல்லாம் இருக்காவ. பேசுங்க அப்பா."

"மூடிக்குச் சிரட்ட முட்டுக்கொடுக்கணும். அத நான் மறச்சு வச்சேன்னு சொல்லு மக்களே" என்றார் மகளிடம்.

அபிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். பத்து நாள் மார்த்தாவோடு ஒரே அறையில் படுத்தவள் அவள். பிறகு போனைப் பார்த்து, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, மூடிக்குச் சிரட்டை முட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அளவு ஆங்கிலம் அவருக்குப் புரியும். அங்கே எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கிழவர் நெஞ்சில் கைவைத்து, எனக்கும் மறதிதான் என்று சிரித்தார்.

பெற்ற பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்ற அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"மறக்கல்ல மக்களே, மறச்சேன். அப்படியே சொல்லு."

அவள் தலையாட்டி மறுத்தாள். அவரே போனை வாங்கி, தெரிந்த ஓட்டை ஆங்கிலத்தில், மறக்கவில்லை, ஒளித்தேன், மார்த்தா மேல் தப்பில்லை என்றார்.

கைதட்டல் நின்றது. கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது ஞானதாசனுக்கு. மார்த்தா திட்டவில்லை. நோட்டைப் பிரித்து, "எத்தனை மணி நேரம் முட்டுக்கொடுக்க வேண்டும்?" என்று கேட்டாள்.

"நாலு" என்றார்.

எழுதி முடித்து நிமிர்ந்தாள். இங்கே இருந்தவரை அவரை அப்பா என்றே கூப்பிட்டவள்.

"வேறு எதையாவது மறைத்திருக்கிறீர்களா, சார்?"

இல்லை என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.