கையில்தான் ஆட்டம்

அவள் பொய்ப்பல் செய்கிறவள். மெழுகில் முன்பல் ஒன்றைச் செதுக்கும்போது மயிரிழை பிசகினாலும், அதைப் போட்டுக்கொள்கிறவர் வாயைத் திறந்து சிரித்த கணமே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்த வேலையில் பல வருடங்களாக நல்ல பேர் எடுத்திருந்தாள். அவளுடைய கைதான் சரியில்லை என்று அவளையே நம்பவைத்தவன் கட்டிய கணவன்.

அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ரிமோட் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு, மூடிக்கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்குப் போய்விடுவான். அங்கே அவனைப் போலவே பைத்தியம் பிடித்த பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பேக்கரிக்காரர் ஒருவர் தலைவர். துணைக்குப் போய் நிழலில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பொழுது போகட்டுமே என்று கணவன் தன் பழைய ஹெலிகாப்டரைக் கொடுத்தான். அவன் புதிதாக வாங்கியதும் அதே ரகம்தான்.

கொடுத்தவனுக்குப் பிறகுதான் தெரிந்தது, என்ன செய்துவிட்டோம் என்று. ஆறேழு மாதத்தில் அவள் அதை ஆணியடித்து மாட்டியதுபோல ஆகாயத்தில் நிறுத்தினாள். காற்றடித்தாலும் நகராது. பேக்கரிக்காரர் எல்லார் முன்னாலும் அவள் கணவனைப் பார்த்து, இனி நீங்கள் வீட்டம்மாவிடம் டியூஷன் போக வேண்டியதுதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கணவன்தான் அதிகமாகச் சிரித்தான்.

அதற்கு அடுத்த வாரங்களில்தான் அவளுடைய ஹெலிகாப்டர் நடுங்கத் தொடங்கியது. மேலே ஏறியதும் குளிர்ஜுரம் கண்டதுபோல உதறும். ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுக்கும். தலையில் ஆட்டம் இருக்கிறதோ என்று கேட்டாள். இறக்கைகளைக் கவ்விப் பிடித்திருக்கும் ரோட்டர் தலைக்குள் குறுக்காக ஒரு இரும்புத் தண்டு ஓடுகிறது. அதை இருபுறமும் ரப்பர் வளையங்கள் அணைத்துப் பிடித்திருக்கின்றன. வளையம் நைந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் மொத்த ஹெலிகாப்டரும் ஆடும். கணவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அவளையே கடைக்கு அனுப்பிப் புதிய வளையங்கள் வாங்கிவரச் சொன்னான். கடையில் சிவப்பு நிறத்தில்தான் இருந்தன. தன் அறைக்குள் உட்கார்ந்து மாட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். அப்போதும் உதறியது. நீ வேலைக்குப் போயிருந்தபோது நானே பறக்கவிட்டுப் பார்த்தேன், சிலைபோல நின்றது என்றான். பிறகு அவள் தோளில் கைவைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஹெலிகாப்டர்ல ஒண்ணும் இல்லம்மா. கோச்சுக்காதே. ஆட்டம் உன் கையிலதான்."

கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் கத்துகிறவன் இல்லை. அவள் காபி ஊற்றும்போது எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டுவான். ஊசியில் நூல் கோக்கப் போனால், கொடு, நீ ஏன் கஷ்டப்படுகிறாய் என்று வாங்கிக்கொள்வான். விருந்தாளிகள் வந்தால் கண்ணாடித் தம்ளர்களை அவள் கையில் கொடுக்க மாட்டான். போகப் போக அவளும் தன் கையையே பார்க்க ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தால் யார் கைதான் நடுங்காது? ஒருநாள் அவள் வேலைபார்க்கும் பல் கூடத்தில், முடியும் தறுவாயில் இருந்த மெழுகுப் பல் ஒன்று கத்தியில் பிளந்துபோயிற்று. அன்றே முதலாளியிடம் போய், செதுக்கும் மேஜை இனி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் இரண்டு முறை யோசிக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றிவிட்டு, மேஜையை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்.

கணவன் வெளியூர் வேலையாக ஒரு வாரம் போனபோது, ஹெலிகாப்டரைப் பேக்கரிக்காரரின் மகளுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். கொடுப்பதைத் துடைத்துக் கொடுப்போம் என்று ரோட்டர் தலையைக் கழற்றினாள். உள்ளே சிவப்பு வளையம் இல்லை. நசுங்கிச் சப்பிப்போன கறுப்பு வளையங்கள் இருந்தன. அவற்றை ஒட்டி இருக்கவேண்டிய மெல்லிய வாஷர்களும் இல்லை. தண்டு தொளதொளவென்று அசைந்தது.

பிறகு எழுந்துபோய்க் கணவனின் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து திறந்தாள். அவள் வாங்கிவந்த சிவப்பு வளையங்கள் அதற்குள் புத்தம்புதிதாக இருந்தன.

அவற்றை எடுத்துத் தன்னுடையதில் மாட்டி, கறுப்பு வளையங்களைக் குப்பைக் கூடையில் போட்டாள். வாஷர்களையும் அவனுடையதிலிருந்தே எடுத்தாள். ஒன்றைப் போட்டு, இறக்கைகளைப் பிடித்திருக்கும் இரண்டு கவ்விகளையும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பாள். விரல்நுனியில் ஆட்டம் தெரிந்தால் இன்னொன்று. இறுகிப்போய் இறக்கை சுலபமாகத் திரும்பவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு வேறு. ஆட்டமும் இல்லாமல் இறுக்கமும் இல்லாமல் வந்ததும், கழலாமல் இருக்கத் திருகில் ஒரு சொட்டு நீலப் பசை வைத்து மூடினாள். இவ்வளவையும் செய்த கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை என்பதை முடித்த பிறகுதான் கவனித்தாள்.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக மைதானத்துக்குப் போனாள். ஹெலிகாப்டர் அசையாமல் நின்றது.

அங்கிருந்து நேரே பல் கூடத்துக்குப் போய் முதலாளியைப் பார்த்தாள். மேஜை திரும்ப வேண்டும் என்றாள். அவர் சங்கடத்தோடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் நன்றாகச் செய்கிறாள், இப்போது எப்படி எழுந்திருக்கச் சொல்வது, நீங்களாகத்தானே வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குப்பைக் கூடையிலிருந்து கறுப்பு வளையங்களைப் பொறுக்கி எடுத்தாள். கணவனுடைய ஹெலிகாப்டரில் அவற்றை மாட்டி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் முதலில் பறக்கவிட்டாள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். பேக்கரிக்காரர் அவள் கணவனின் முதுகில் தட்டி, அருமையாகச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறீர்கள் சார் என்றார். கணவன் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டே அவளை ஒருமாதிரி பார்த்தான். அடுத்து அவன் முறை. அவனுடையது மேலே ஏறி உதறத் தொடங்கியதும் முகம் வெளிறி அவசரமாக இறக்கினான். என்ன ஆயிற்று என்று நாலு பேர் கூடினார்கள். தலையில் ஆட்டமாக இருக்கும் என்றான்.

"தலையில ஒண்ணும் இல்லங்க," என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நேத்துகூட நான் பிடிச்சுப் பார்த்தேன். கோச்சுக்காதீங்க, ஆட்டம் உங்க கையிலதான்."

யாரோ சிரித்தார்கள். வயசாகுது சார் என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்ததும் அவன் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து தலையைக் கழற்றினான். அவள் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். கறுப்பு வளையம் உள்ளங்கையில் விழுந்ததும் அவன் தலை நிமிர்ந்தது.

"என்னங்க, ஏதாவது கண்டுபிடிச்சீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். இது எப்படி இதற்குள் வந்தது என்று கேட்டால், எதிலிருந்து வந்தது என்று சொல்லவேண்டி வரும்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்ப மூடிடுங்க."

அவன் அந்த நைந்த வளையங்களையே திரும்ப மாட்டினான். கடைசித் திருகு இறுகும்வரை அவள் நகரவில்லை.

அதற்குப் பிறகு அவள் தன் ஹெலிகாப்டரை அவ்வளவாக எடுப்பதில்லை. அவன் பறக்கவிடுவதைப் பார்ப்பதில்தான் அவளுக்கு ருசி கண்டுவிட்டது. உடம்பு சரியில்லை என்று அவன் படுத்தால், பயந்துவிட்டார் என்று பேக்கரிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்வாள். அவர் காரை எடுத்துக்கொண்டு வந்து அன்போடு அழைத்துப் போவார். அவன் திருட்டுத்தனமாகப் புதிய வளையம் மாட்டினால், மறுநாளே பழையது உள்ளே இருக்கும். காபித் தம்ளரை அவன் எடுக்கும்போது எட்டிப் பார்ப்பாள். லிஃப்ட் கம்பெனியில் உயரத்தில் ஏறும் வேலைக்கு அவன் தன் உதவியாளனை அனுப்ப ஆரம்பித்தான் என்று கேள்விப்பட்ட அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தனக்கு இது பிடித்திருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் பயந்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

ஒரு மத்தியானம், மைதானத்தில் மற்றவர்கள் நிழலுக்கு ஒதுங்கியபோது, அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"போதும்."

"எது போதும்?"

அவள் நிஜமாகவே காத்திருந்தாள். வளையத்தை மாற்றினேன், பொறாமையில் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு விட்டிருப்பாள், அல்லது அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தாள். அவன் நிழலில் இருந்தவர்களைப் பார்த்தான். நாக்கால் உதட்டைத் தடவினான்.

"வெயில்ல நின்னது போதும்னேன்."

அவள் குனிந்து ரிமோட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னும் ஒரு தடவை ஏத்துங்க. எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க."

அவன் ஏற்றினான். தலைக்கு மேலே போவதற்குள் உதறல் முற்றி, இறக்கை வாலில் அடித்து, ஹெலிகாப்டர் மண்ணில் குத்தி உருண்டது. பேக்கரிக்காரர் ஓடிவந்து, போனால் போகிறது சார் என்று தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொடுதலில் கணவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். ஒரு பொம்மைக்காகவா இப்படி அழுவார்கள் என்று மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பையில் பொறுக்கிப் போட்டாள். ஒரு திருகுகூட விடவில்லை. பிறகு அவனிடம் வந்து, கவலைப்படாதீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நானே சரிபண்ணித் தருகிறேன் என்றாள்.