எழுந்ததும் ஒரு சிரிப்பு

அப்பாவின் இடது புருவத்தைத் துடைத்து முடித்துவிட்டுத் தாமரைச்செல்வி வலது புருவத்துக்கு வந்திருந்தாள். டிஷ்யூ முழுக்கக் கறுப்பு. எச்சில் தொட்டு அழுத்தித் தேய்த்தால்தான் போனது. தாமரையின் கணவன் அகிலன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி பார்க்கிங்கிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தான். அதற்குள் முடித்தாக வேண்டும்.

எழுபதை நெருங்கும் மனிதருக்குப் புருவ மை எதற்கு? காலையில் ஓட்ஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு, பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, "சீனியர் சென்டர் வரைக்கும் போய்ட்டு வரேன் கண்ணு" என்று கிளம்பியபோது அப்பாவின் புருவம் ஒழுங்காக நரைத்துத்தான் இருந்தது. அவள் கதவைத் திறந்து வழியனுப்பியிருந்தாள். வேலைக்குப் போகிற அவசரத்தில் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் மையெல்லாம் கண்ணில் படாமல் போகாது.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் கத்தரித்த சட்டை உள்ளே இருந்தது. காலரில் முகப் பவுடர் அப்பியிருந்தது. அதற்கடியில் சரிகை வைத்த ஒரு தலைப்பாகை. அப்பா ஜம்புநாதன், கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் கல்யாணத்துக்கே தலைப்பாகை கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தவர்.

"போன் பண்ணினது அவருடைய ஃப்ரெண்ட், மிஸஸ் ஹயாஷிடா. அவங்க அப்பார்ட்மென்ட்லதான் விழுந்திருக்கார்," என்றாள் நர்ஸ். பிறகு குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் முன்பே கூப்பிட்டிருக்கலாம் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னதாகவும் சொன்னாள்.

பையைத் தாமரை கட்டிலுக்கடியில் தள்ளினாள். அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"சீனியர் சென்டர்ல மயங்கி விழுந்துட்டாரும்மா," என்றாள். பொய் தடங்கல் இல்லாமல் வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

வசந்தாமணி புருஷனின் உதட்டைத்தான் பார்த்தாள். அது காய்ந்து வெடித்திருந்தது.

"ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூட நாதியில்லாம போய்ட்டாரே," என்றாள். அன்று தொடங்கியது அந்தப் புலம்பல். அதன் பிறகு வேறெதற்காகவும் அவள் அழவில்லை.

மறுநாள் பிளசன்டனில் தாமரையின் வீடு நிறைந்துவிட்டது. அடுப்புப் பற்ற வைக்கக்கூடாது என்று தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் அலுமினியத் தட்டுகளில் சாதமும் ரசமும் கொண்டுவந்து கவுன்டரில் வரிசையாக வைத்தார்கள். சோபாவில் சாய்ந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்திருந்த அம்மா, வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். மாமனார், மாமியார், நாத்தனார் என்று எல்லோருக்கும் கடைசித் தண்ணீர் ஊற்றின கை இது, கட்டினவருக்கு ஊற்ற முடியவில்லை. கலாவதி ஆன்ட்டி தோளைத் தடவிக்கொடுத்து, "சட்டுனு போய்ட்டாரு அக்கா, கஷ்டப்படல," என்றாள். "கஷ்டப்படட்டும், தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாமில்ல," என்றாள் அம்மா.

தாமரை அகிலனைச் சமையலறை ஓரத்துக்கு இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"லீவ் இட் தாமரை. மாமா நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷனுக்கு எதுக்குப்பா சரிகைத் தலைப்பா? அந்த லேடி ஏன் லேட்டா கால் பண்ணினா? எதை மறைச்சு வெக்க டைம் வேண்டியிருந்துது அவளுக்கு?"

நல்ல மனுஷன் என்பதை மட்டும் திரும்பச் சொன்னான்.

அப்பாவின் அறைக்குப் போய் அலமாரியைக் கிளறினாள். மடித்த சட்டைகளுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேசட் இருந்தது. அதன் மேல் சாய்வான ஆங்கில எழுத்தில், 'என் ஜம்போவுக்கு'. வீட்டில் அம்மா முப்பத்தெட்டு வருஷமாக 'ஏனுங்க' என்பதைத் தாண்டி அவரைக் கூப்பிட்டதில்லை. இங்கே எவளோ ஜம்போ என்கிறாள்.

மாடியில் தன் படுக்கையறையில் கதவைத் தாழிட்டுக் கேசட்டைப் போட்டாள். கறுப்பு வெள்ளைப் படம். அட்டையில் வெட்டிய யானைகள் நிற்கிற அரண்மனை. முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய ஒரு வெள்ளைக்காரக் கதாநாயகன், சரிகைத் தலைப்பாகையுடன். அவன் மடியில் ஒரு ஜப்பானியப் பெண், நெற்றியில் ரூபாய் அகலத்துக்குப் பொட்டு. குளித்துவிட்டுத் துண்டு சுற்றின மாதிரி புடவை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பாஷையில் நீளமாகப் பேசிவிட்டு அவள் செத்துப்போனாள். அடுத்து இன்னொரு படத்தின் துண்டு. அதே பெண் வேலைக்காரியாக வந்து குண்டடிபட்டுச் செத்தாள். அடுத்ததில் உளவாளி, மாடியிலிருந்து விழுந்தாள். பர்மாக்காரி, ஜாவாக்காரி, சீனாக்காரி. ஒரு கேசட் முழுக்க ஒரே பெண் செத்துக்கொண்டிருந்தாள்.

ஆக, நடிகை. தாமரைக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன மாதம் துணி துவைக்க கராஜுக்குள் போனபோது, பழைய சோபாவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சரிந்தார். அவள் அலறினாள். அவர் உடனே எழுந்து உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "எக்ஸர்சைஸ் கண்ணு. அம்மாகிட்ட சொல்லிடாத," என்றார். அப்போதே டாக்டரிடம் இழுத்துப்போயிருக்க வேண்டும். நோயை அவள் விளையாட்டென்று நம்பிவிட்டாள் என்று இப்போது மனது குத்தியது.

ஹேவர்டில் இருந்த ஃப்யூனரல் ஹோமில் அவர்களுக்குக் காலை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெட்டியில் அப்பா பட்டு வேட்டியில் கிடந்தார். வாய்க்கரிசித் தட்டு தயாராக இருந்தது. தாமரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நடிகை வருவாள் என்று எதிர்பார்த்தாள்; வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

வந்தாள். கறுப்பு உடை, கைத்தடி, ஒரு மயிர் கலையாத வெள்ளை முடி. எண்பதை ஒட்டிய வயது. முகத்தில் அளவாக, சீராகப் பவுடர். அப்பாவின் காலரில் ஒட்டியிருந்த அதே நிறம்.

தாமரை அவளை ஹாலுக்குள் விடாமல் வரவேற்பறையிலேயே மறித்தாள். இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள்.

"மிஸஸ் ஹயாஷிடா. என் அம்மா உள்ளே இருக்கிறாள். உங்களைப் பற்றி அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"நீ தாமரை," என்றாள் கிழவி. "உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்."

"உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் புருவத்தில் மை இருந்தது. நான்தான் துடைத்தேன்."

"நரைத்த புருவம் தூரத்திலிருந்து தெரியாது. அதனால் தீட்டினேன். அவர்தான் இளவரசர்."

அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை என்பதைத் தாமரை கவனித்தாள். அழுதிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். இத்தனை படத்தில் செத்தவளுக்கு அழுவது பெரிய விஷயமா?

மிஸஸ் ஹயாஷிடா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "சீனியர் சென்டரில் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் அப்பா நேராக வந்து, 'மேடம், நீங்கள் எங்கள் ஈரோட்டில் செத்துப்போனீர்கள், நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்' என்றார். நாற்பது வருஷமாக என்னை யாருமே அடையாளம் கண்டுபிடித்ததில்லை. நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அப்புறம் சொல்கிறார், அந்தக் காட்சியில் தியேட்டரே சிரித்ததாம்."

கேசட்டில் பார்த்த அந்தச் சாவு தாமரைக்கு நினைவு வந்தது. சிரித்திருப்பார்கள்தான்.

"யுத்தத்துக்கு முன்னால் ஒரு படத்தில் சிரித்திருக்கிறேன். ஒரே ஒரு படம். அப்புறம், ஜப்பானியர்கள் என்று எங்களையெல்லாம் பாலைவனத்தில் முகாமில் அடைத்தார்கள். திரும்பி வந்தபோது சாகிற வேஷம்தான் மிச்சமிருந்தது. கதாநாயகன் ஊருக்குப் போய் வெள்ளைக்காரியைக் கல்யாணம் செய்ய வேண்டுமே, நான் செத்தால்தானே முடியும்? பரவாயில்லை என்று செத்தேன். ஆனால் சிரித்தார்கள் என்று தெரியாது." அவள் கைத்தடியைத் தரையில் தட்டினாள். "உங்கள் ஊரில் எப்படித்தான் சாவார்கள் என்று கேட்டேன். பேச மாட்டார்கள், தண்ணி கேட்பார்கள் என்றார். பக்கத்தில் இருக்கிறவர்கள் ஊற்றுவார்கள், அவ்வளவுதான் என்றார். எங்கள் வழக்கத்திலும் உதட்டை நனைப்பதுண்டு. அந்தக் காட்சியைச் சரியாக ஒரு தடவை நடிக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. இளவரசர் வேஷத்திலேயே அவர் செத்துக் காட்டுவார். நான் பார்த்துக் கற்றுக்கொள்வேன்."

"வீட்டில் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் உன் அம்மா வீட்டை இரண்டாக்கிவிடுவாள் என்றார். சாவை விளையாட்டுக்கும் பேசக்கூடாதாமே."

உண்மை. 'செத்தேன்' என்று சும்மா சலித்துக்கொண்டாலே அம்மா வாயில் போடுவாள்.

"நீங்கள் ஏன் உடனே போன் செய்யவில்லை?" தாமரை கடைசியில் கேட்டேவிட்டாள்.

கிழவி கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் அப்பா மோசமான நடிகர். மேடைப் பேச்சாளர் மாதிரி நெஞ்சில் அடித்துக்கொள்வார். அன்றைக்கு அதெல்லாம் இல்லை. சோபாவில் மெல்லச் சாய்ந்தார். தண்ணி என்றார். நான் டம்ளரை எடுத்து வாயில் ஊற்றினேன். தலை சாய்ந்தது. பிரமாதம் என்று கை தட்டினேன்." குரல் அப்படியே இருந்தது. "செத்த மாதிரி நடித்தால் எழுந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும், அது உங்கள் சினிமாக்காரர்களின் வழக்கம் என்பார். இல்லாவிட்டால் ஆகாதாம். ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார். நான் அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்."

கராஜ் சோபாவும் அந்தச் சிரிப்பும் தாமரையின் கண்ணில் வந்து நின்றன. அவளுக்கு அழுகை முட்டியது. அதோடு ஒரு எரிச்சலும். இவள் சொல்வதெல்லாம் நிஜம்தானா? சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? நடிகைதானே, அழகாகச் சொல்கிறாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. வாய்க்கரிசி ஆரம்பித்திருந்தது. "ஒரு வாய் தண்ணி ஊத்த நாதியில்லாம..."

இப்படியே இவளை வெளியே அனுப்பிவிடலாம். அம்மாவுக்கு அப்பா சுத்தமாக மிஞ்சுவார், தண்ணீர் இல்லாமல். தாமரை அரை நிமிஷம் நின்றாள். பிறகு கிழவியின் முழங்கையைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள்.

கூட்டம் விலகியது. வசந்தாமணி வந்தவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பவுடர் முகத்தில் பார்வை நின்றது.

"யாரு கண்ணு இவ?"

"அம்மா, அப்பா சீனியர் சென்டர்ல விழல. நான் பொய் சொன்னேன். இவங்க வீட்டுலதான் இருந்தாரு. ரெண்டு பேரும் டிராமா பிராக்டிஸ் பண்ணிட்டிருந்திருக்காங்க." எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கலாவதி ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். "கடைசில தண்ணி கேட்டாராம். இவங்க ஊத்தியிருக்காங்க."

டிராமா என்பதற்கும் இவங்க வீடு என்பதற்கும் அம்மாவின் முகம் இறுகியது. தாமரை திட்டுக்குத் தயாராக நின்றாள்.

"குடிச்சாரா?" என்றாள் அம்மா.

தாமரை ஆங்கிலத்தில் கேட்டாள். மிஸஸ் ஹயாஷிடா பதில் சொல்லவில்லை. கைத்தடியைத் தாமரையிடம் கொடுத்தாள். முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்தாள். தோள் ஒரு பக்கமாக இறங்கியது, அப்பாவின் தோள் இறங்குகிற அதே பக்கம். உதடு மெல்லப் பிரிந்தது.

"தண்ணி," என்றாள்.

அது அப்பாவின் ஈரோட்டுத் தண்ணி.

கிழவியின் தலை லேசாக நிமிர்ந்தது. சுருங்கிய தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. நின்றது. மறுபடி ஒரு தடவை ஏறி இறங்கியது. அதன் பிறகு அசையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. வசந்தாமணி அரிசித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். முந்தானை நுனியை எடுத்து அந்தக் கிழவியின் மோவாயை, ஒன்றும் வழியாத மோவாயை, பதமாகத் துடைத்துவிட்டாள்.