கவிழ்த்த சட்டி

விடிவதற்கு முன்பே மிக்சர் உறுமத் தொடங்கிவிட்டது. உத்திரமேரூரிலிருந்து மாகறலுக்குப் போகும் வழியில், ஏரிக் கால்வாயின் குறுக்கே புதிய பாலம். இன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட். ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் டிரம்முக்குள் புரண்டு சாம்பல் கூழாக வழிய, பெண்கள் அதை இரும்புச் சட்டியில் வாங்கிக் கைக்குக் கை மாற்றினார்கள். மிக்சரிலிருந்து பாலம் வரை ஒரு வரிசை. காலிச் சட்டிகள் திரும்பி வர எதிரில் இன்னொரு வரிசை. ஒவ்வொரு சட்டியும் ஒரு வயசுப் பிள்ளையின் கனம். ஆனால் எந்தப் பிள்ளையும் விரலிடுக்கை இப்படிப் பொத்துப்போக வைக்காது. பனியில் மூச்சு புகைந்தது. முழங்கை வரை சிமென்ட் வழிந்து காய்ந்து தோலை இழுத்தது.

மிக்சர் ஓடினால் பாலத்திலிருந்து கத்தினாலும் மிக்சர் பக்கம் காதில் விழாது. அதற்காக ஆட்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. காலிச் சட்டி நிமிர்ந்து வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். கவிழ்ந்து வந்தால் பாலத்தில் கோளாறு. மிக்சரை உடனே நிறுத்த வேண்டும். என்ன ஏது என்று கேட்பதெல்லாம் அப்புறம்.

காண்ட்ராக்டர் வேதாசலத்துக்குத் தகவல் போகிற முறை வேறு. பாலத்துக்கு அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறவன் வீரபத்திரன். போன வாரம் அவன், "முட்டு சேத்துல நிக்குது. அடியில பலகை போடலைன்னா எறங்கிடும்" என்றான். மிக்சர் ஓட்டும் மேஸ்திரி எத்திராஜ் அதை சூப்பர்வைசரிடம், "அடியில கொஞ்சம் ஈரம் கீதாம்" என்று கொண்டுபோனார். சூப்பர்வைசர் மணவாளன் அதை முதலாளியிடம், "அடித்தளம் நல்ல குளிர்ச்சியா இருக்கு சார்" என்று சேர்ப்பித்தான். முதலாளி மகிழ்ந்தார். பலகை வரவில்லை.

மணவாளனையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. எண்பத்திரண்டில் டிப்ளமா முடித்தவன். தலைமைப் பண்பும் தகவல் தொடர்பும் கற்றுவர முதலாளியே அவனை மெட்ராசுக்கு அனுப்பினார். குளிரூட்டிய ஓட்டல் அறையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் பாடம் எடுத்தார். பிரச்சினை என்று சொல்லாதீர்கள், சவால் என்று சொல்லுங்கள். மேலே நல்ல செய்தியோடு போங்கள். கீழே இருப்பவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். அவர் கூலியைப் பற்றிக் கேட்க மறந்துவிடுவார். மணவாளன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். அவனுடைய சான்றிதழ் கொட்டகையில், சிமென்ட் மூட்டைகளுக்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்கியது.

அன்று காலையிலும் பாடத்தை மறக்காமல் வரிசையின் பாலத்து முனையில் போய் நின்றான். பாலத்தின் மேல் கடைசியாகச் சட்டி வாங்கிக் கொட்டுகிறவள் செங்கேணி, வீரபத்திரனின் அக்கா.

"செங்கேணி அவர்களே, நல்லா இருக்கீங்களா?"

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா கேக்குற? கைக்கு ரப்பர் ஒறை தரேன்னியே, இன்னாச்சி?"

"மேல சொல்லியிருக்கேன்."

"மேலன்னா எங்க? ஆகாசத்துலயா?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். மணவாளனும் சிரித்தான். சிரிப்பில் கலந்துகொள்வதும் ஒரு தலைமைப் பண்பு.

வேதாசலம் ஜீப்பில் வந்து இறங்கினார். மிக்சர் பக்கத்தில் மணவாளனை நிறுத்திக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னிக்கு நிக்காம ஓடணும் தம்பி. நடுவுல நின்னா தளத்துல ஒட்டு விழும். எஞ்சினியர் இடிக்கச் சொல்லிடுவான். அடுத்த வாரம் மந்திரி வராரு."

"நிக்காது சார்."

யாரோ ராத்திரி நாற்றங்காலுக்கு மதகைத் திறந்துவிட்டிருந்தார்கள். கால்வாயில் மெல்லிசாகத் தண்ணீர் ஓடியது. வெயில் ஏறிய நேரம், திரும்பி வரும் வரிசையில் ஒரு சட்டி கவிழ்ந்து வந்தது.

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, கொஞ்சமும் சாயாமல், கவிழ்ந்தபடியே வந்தது. எந்தப் பெண்ணும் அதைத் திருப்பவில்லை. கடைசியில் நின்ற மணவாளன் கைக்கு வந்து சேர்ந்தது. எத்திராஜ் அதைப் பார்த்துவிட்டார். அவர் கை விசைக்குப் போயிற்று. வேதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார்.

மணவாளன் சட்டியை நிமிர்த்தினான்.

"கை தவறிக் கவுந்திருக்கும். ஓட்டுங்க" என்று எத்திராஜைப் பார்த்துக் கையசைத்தான், புன்னகையோடு. எத்திராஜின் கை விசையின் மேலேயே நின்றது. நிறுத்தவில்லை. முதலாளி தலையசைத்தார். வகுப்பில் இதற்கு உடனடி முடிவெடுத்தல் என்று பெயர்.

இரண்டாவது சட்டியும் கவிழ்ந்து வந்தது. அவன் அதைத் தொடுவதற்குள், பாரம் ஏற்றிய கரும்பு வண்டியின் அச்சு முறிந்தது போல் ஒரு சத்தம். தளத்தின் ஒரு மூலை அப்படியே கால்வாய்க்குள் இறங்கியது. மிக்சரின் உறுமலைக் கிழித்துக்கொண்டு செங்கேணியின் குரல் கேட்டது.

"டேய் பத்திரா!"

ஈரக் கான்கிரீட்டைக் கையால் வாரித்தான் வீரபத்திரனை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. ஜீப்புக்குத் தூக்கி வந்தபோது வேதாசலம் குறுக்கே நின்றார்.

"எஞ்சினியரைக் கூட்டினு வரணும், ஜீப் வேணும்."

அந்த வழியாகப் போன கரும்பு டிராக்டர் பாதிப் பாரத்தை ரோட்டில் சாய்த்துவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. செங்கேணியும் கூடப் போனாள்.

மணவாளன் தொட்டித் தண்ணீரில் கை கழுவினான். சட்டி விளிம்பிலிருந்து ஒட்டிய சிமென்ட் வலது கையின் நகக்கண்களில் இறுகிப்போயிருந்தது. செங்கல் துண்டால் தேய்த்தான். தோல் வந்தது, சிமென்ட் வரவில்லை. யாரோ டீ கொடுத்தார்கள்; இடது கையால் வாங்கினான்.

வேதாசலம் அவனைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார்.

"அவன் குடிச்சிருந்தான் தம்பி. போதையில முட்டுக் கம்ப ஒதைச்சிட்டான்."

"அவன் குடிக்க மாட்டான் சார்."

"இன்னிக்குக் குடிச்சான். ஆளுங்ககிட்ட போயி பக்குவமா எடுத்துச் சொல்லு. அந்தப் படிப்புக்குத்தானே ஒன்னிய அனுப்பினேன்?"

மணவாளன் சான்றிதழைப் பார்த்தான். அதன் கண்ணாடியில் முதலாளியின் முகம் தெரிந்தது.

ஆட்கள் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். செங்கேணி திரும்பி வந்திருந்தாள்; புடவையில் தம்பியின் ரத்தமும் சிமென்ட்டும் ஒன்றாகக் காய்ந்திருந்தன. "கால் நெலைக்கறது கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். மணவாளனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"வா சார். இன்னா சேதி கொண்டாந்த?"

"நண்பர்களே..." என்று ஆரம்பித்தான். அடுத்துச் சொல்ல வேண்டியதை அந்த வகுப்பில் சொல்லித்தரவில்லை.

"சட்டி வந்துச்சி" என்றான். "கவுந்துதான் வந்துச்சி. நான் நிமித்திட்டேன்."

செங்கேணி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான். மொதலாளி பக்கத்துல இருந்தாரு."

"எனக்கும் தெரியும்மா" என்றார் எத்திராஜ், தலையைத் தூக்காமல். "என் கை விசை மேலதான் இருந்துச்சி. அமுக்கல. வேல பூடும்னு பயம்."

செங்கேணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ நிமித்தின. இவரு ஓட்டினாரு. நான் இன்னா பண்ணேன்? அடியிலேர்ந்து என் தம்பி கத்தறான். சட்டியக் கவுத்துக் குடுத்துட்டு, அடுத்தாப்பல வந்த சட்டிய வாங்கிக் கொட்டிக்கினுதானே நின்னேன்? கொட்டாம இருந்திருக்கலாமில்ல?" அவள் குரல் உடைந்தது. பின் இறுகியது. "அத்தினி பேரும் அந்தாளு கையில கட்டியிருக்கற கடியாரத்துக்குப் பயந்துகினு நின்னோம். நீ எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம்? சொல்ல வேண்டிய எடத்துல போய் சொல்லு."

எஞ்சினியர் வந்ததும் எல்லோரும் கூடவே போனார்கள்.

"குடிகாரப் பய சார், முட்டுக் கம்ப ஒதைச்சுட்டான்" என்று வேதாசலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லை சார்" என்றான் மணவாளன். "முட்டு சேத்துல நின்னுது. வீரபத்திரன் போன வாரமே சொன்னான். நான்தான் குளிர்ச்சின்னு மாத்திச் சொன்னேன். இன்னிக்கும் நிறுத்தச் சொல்லி சட்டி வந்துச்சி. நானும் மேஸ்திரியும் நிறுத்தல."

"விசாரிக்கிறேன்" என்று எஞ்சினியர் இருமினார்.

வேதாசலத்தின் முகம் கறுத்தது. "நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத" என்றார் மணவாளனிடம். அவன் கொண்டுபோன தகவல்களில் மாறாமல் போய்ச் சேர்ந்தது எஞ்சினியரிடம் சொன்ன அது ஒன்றுதான்.

"நாங்களும் வரல" என்றாள் செங்கேணி. "பத்திரன் வைத்தியத்த நீ பாக்கணும். அவன் குடிச்சான்னு சொன்னத்த திருப்பி வாங்கணும். அடியில பலகை போடணும். அது வரிக்கும் ஒரு சட்டி நவுராது."

"பேஜார் பண்ணாத. ராஜகுளத்துலேர்ந்து காலையில லாரி நெறைய ஆள எறக்குவேன்."

"எறக்கிக்கோ. அவங்களுக்கும் காலு கீது."

மறுநாள் இருட்டு பிரியும்போது மிக்சர் மௌனமாக நின்றது. சாலையின் குறுக்கே, நேற்று கான்கிரீட் போன அதே வரிசையில், சட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு ஆளுக்கொன்றில் உட்கார்ந்திருந்தார்கள். மணவாளன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுத் தயங்கினான். ராத்திரி ஆஸ்பத்திரி வாசல் வரை போய், உள்ளே போகத் தைரியமில்லாமல் திரும்பியவன். செங்கேணி ஒரு சட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒக்காரு. ஒன்னிய மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. வாயத் தொறந்து எதுனா சொற்பொழிவு பண்ண, எழுப்பி வுட்ருவேன்."

சட்டி நிமிர்ந்திருந்தது. நகக்கண்ணில் சிமென்ட் போகாத அதே கையால் அதைக் கவிழ்த்தான். நேற்று நிமிர்த்தியதைவிட இது கனமாக இருந்தது. உட்கார்ந்தான்.

லாரி வந்து நின்றது. பின்னாலேயே ஜீப். "எறங்குங்க, எறங்குங்க, நேரமாவுது!" என்றார் வேதாசலம்.

லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், சாலையை அடைத்துக் கிடந்த சட்டிகளை நெடுநேரம் பார்த்தாள்.

"யாருக்கும்மா ஆச்சி?"

"என் தம்பிக்கு" என்றாள் செங்கேணி. "காலு."

மிக்சர் ஓடாததால் அவள் மெதுவாகச் சொன்னதும் லாரியின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. அந்தப் பெண் தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். இடுப்பில் அணைத்திருந்த தன் சட்டியை எடுத்து, லாரியின் பலகை மேல் கவிழ்த்து வைத்தாள். டங் என்றது. அவளுக்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

வேதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. வேறெதுவும் ஓடவில்லை.